தோற்றவருக்கும் ஒரு மாலை: அயர்லாந்து, 1932

1932 மார்ச் 9. டப்ளினில் அயர்லாந்து நாடாளுமன்றம் கூடியபோது சில உறுப்பினர்களின் சட்டைப்பையில் கைத்துப்பாக்கி இருந்ததாக இன்றும் சொல்வார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள்தான் அன்று அவையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வாக்கெடுப்பு நடந்தது. ஏமன் டி வலேராவுக்கு ஆதரவாக 81 பேர், எதிராக 68 பேர். ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக ஆட்சி நடத்திய வில்லியம் காஸ்கிரேவ் பதவியை விட்டு இறங்கினார்.

ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

அந்த ஆண்டைப் பற்றிப் பேசுபவர்கள் வென்ற டி வலேராவைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். அந்த ஆண்டின் பெருமையில் சரிபாதி தோற்ற காஸ்கிரேவுக்கு உரியது. அது அவருக்குப் போய்ச் சேரவேயில்லை.

இருவரும் ஒரே போராட்டத்தில் வளர்ந்தவர்கள். 1916 ஈஸ்டர் எழுச்சிக்காக இருவருக்குமே பிரிட்டிஷ் அரசு மரண தண்டனை விதித்தது, பிறகு இருவருக்கும் அதைக் குறைத்தது. 1921இல் பிரிட்டனோடு ஏற்பட்ட ஒப்பந்தம்தான் அவர்களைப் பிரித்தது. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுப்பதா, வட அயர்லாந்தை விட்டுக்கொடுப்பதா என்று டி வலேரா தரப்பு எதிர்த்து நின்றது. உள்நாட்டுப் போர் மூண்டது. 1922 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை ஏற்ற தரப்பின் தலைவர் ஆர்தர் கிரிஃபித் நோயில் இறந்தார், பத்தே நாளில் அத்தரப்பின் இன்னொரு தலைவர் மைக்கேல் காலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசின் பாரம் காஸ்கிரேவ் தலையில் விழுந்தது. அவருடைய அரசு எதிர்த்தரப்பினர் 77 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. எதிர்த்தரப்பு அவருடைய வீட்டைக் கொளுத்தியது. இந்தப் பகை ஆறுவதற்கு ஒன்பது ஆண்டுகள் எம்மாத்திரம்?

காஸ்கிரேவ் அப்பழுக்கற்றவர் அல்லர். உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே ஆசிரியர், காவலர் சம்பளத்தைக் குறைக்க முனைந்தார். முதியோர் ஓய்வூதியத்தில் அவர் அரசு முன்பே ஒரு ஷில்லிங் வெட்டியிருந்தது. 1931இல் ராணுவத் தீர்ப்பாயம் அமைத்து, தேர்தல் நேரத்திலேயே டி வலேராவின் ‘ஐரிஷ் பிரஸ்’ நாளிதழின் ஆசிரியரை அதன்முன் நிறுத்தியது அந்த அரசு. அது பெரும் தவறு, அதற்கு மக்கள் சம்மட்டி அடி கொடுத்தார்கள். பிப்ரவரித் தேர்தலில் டி வலேராவின் ஃபியன்னா ஃபாயில் கட்சிக்கு 72 இடங்கள், ஆளுங்கட்சிக்கு 57. டி வலேராவுக்குத் தொழிற்கட்சியின் ஏழு பேர் ஆதரவு தந்தார்கள்.

அதற்கு அடுத்த சில வாரங்கள்தான் முக்கியமானவை. ராணுவம் காஸ்கிரேவ் தரப்பு வளர்த்த ராணுவம். காவல்துறைத் தலைவர் ஓயின் ஓ'டஃபி, ஆட்சி மாற்றத்தைப் படைபலத்தால் தடுக்க முடியுமா என்று ஆழம் பார்த்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த யோசனைக்கு ராணுவத்திலும் இடமில்லை, காஸ்கிரேவிடமும் இடமில்லை. உள்நாட்டுப் போரின் இறுதியில் எதிர்த்தரப்பான ஐரிஷ் குடியரசுப் படைக்குத் தலைவராக இருந்த ஃபிராங்க் ஐகென் பாதுகாப்பு அமைச்சரானார். முன்பு அவரோடு போரிட்ட அதிகாரிகள் இப்போது அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டார்கள். சிறையிலிருந்த ஐரிஷ் குடியரசுப் படையினர் மறுநாளே விடுதலையானார்கள். காஸ்கிரேவ் ஆட்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்! இருந்தும் அவர்கள் தங்கள் எதிர்ப்பை அவையில்தான் பேசினார்கள்.

அதே 1932இல் மற்ற நாடுகளில் நடந்ததைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். மே 15 அன்று ஜப்பானியப் பிரதமர் இனுகாய் சுயோஷியைக் கடற்படை இளம் அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். கட்சி ஆட்சி அத்தோடு முடிந்தது. ஜூலை 20 அன்று ஜெர்மனியில் பாப்பன் அரசு, பிரஷ்ய மாநில ஆட்சியை அவசர ஆணையால் கைப்பற்றியது. பதினோரு நாள் கழித்து நடந்த தேர்தலில் ஹிட்லரின் கட்சி 230 இடங்களோடு முதலிடம் பிடித்தது. ஜனநாயகத்தின் மீது பெரிய நாடுகளே நம்பிக்கை இழந்த ஆண்டில், பத்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறிய நாடு அதைக் காப்பாற்றியது.

ஆட்சி மாறியதும் எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. விவசாயிகளிடம் வசூலித்துப் பிரிட்டனுக்கு அனுப்பிவந்த நிலக் கடன் தவணைத் தொகையை டி வலேரா நிறுத்தினார். ஜூலையில் பிரிட்டன் அயர்லாந்துப் பொருள்கள் மீது 20 சதவீத வரி போட்டது. மாடு வளர்த்து விற்றவர்கள் நொடித்துப்போனார்கள். அந்தப் பொருளாதாரப் போர் 1938 வரை நீண்டது. 1933 ஜனவரித் தேர்தலில் காஸ்கிரேவ் மறுபடி தோற்றார். அந்த ஆண்டே, ‘நீலச்சட்டை’ என்ற துணைப்படையை நடத்திவந்த ஓ'டஃபியை, தன் கட்சி இணைந்து உருவான புதிய ஃபைன் கேல் கட்சிக்குத் தலைவராக்க அவர் உடன்பட்டார். அவருடைய அரசியல் வாழ்வின் மிக மோசமான முடிவு அது. ஓராண்டில் ஓ'டஃபி விலகினார், காஸ்கிரேவ் கட்சியை மீண்டும் நாடாளுமன்ற வழிக்கே கொண்டுவந்தார்.

1944 வரை அரசியலில் இருந்த காஸ்கிரேவ் ஆட்சிக்குத் திரும்பவேயில்லை, 1965இல் காலமானார். 1973 மார்ச்சில் ஃபைன் கேல் கூட்டணி வென்றபோது அவருடைய மகன் லியாம் காஸ்கிரேவ் பிரதமரானார். அவரை அந்தப் பதவியில் நியமித்த குடியரசுத் தலைவர், 90 வயது டி வலேரா.