கதை மூலை சரி, கல்வெட்டு மூலை எங்கே?

கதை சொல்லி வரலாறு நடத்தினால் பிள்ளைகள் கவனிப்பார்கள். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் கதையை வரலாறு என்றே அவர்கள் நம்பிவிட்டால் என்ன செய்வது? ஆசிரியர் பயிற்சி படிக்கும் எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது.

வகுப்பறையை நான்கைந்து 'கற்றல் மூலை'களாகப் பிரித்து, பிள்ளைகள் குழுவாக ஒவ்வொரு மூலைக்கும் போய் ஒரு வேலையைச் செய்துவிட்டு அடுத்த மூலைக்கு நகர்வது நமக்குப் புதிதல்ல. 2007-இல் தமிழக அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் பாயில் குழுவாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துத் தாங்களே படித்தார்கள். ஆனால் மேல் வகுப்புக்கு, அதிலும் வரலாற்றுப் பாடத்துக்கு வந்தால் மறுபடி கரும்பலகையும் கேள்வி பதிலும்தான்.

ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது. 2022, 2023-இல் வந்த இரண்டு திரைப்படங்களால் கதை தெரியாத பிள்ளைகளே குறைவு. ஐந்து பாகத்தையும் படிக்க வைக்க வேண்டாம். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் தொடக்கமும், கடம்பூர் மாளிகையில் சதிக்கூட்டம் நடக்கும் பகுதியும் போதும்.

இதை வைத்து மூலைகள் அமைக்கச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்வோம்? அட்டையில் கிரீடம், காகிதத்தில் வாள், ஓர் ஓவியப் போட்டி, ஒரு நாடகம். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். ஆனால் வெட்டி ஒட்டுவதைத் தவிர அதில் என்ன கற்றார்கள்? எந்தக் கதைக்கும் கிரீடம் செய்யலாமே!

என் யோசனை இது. மூலைகள் நான்கு.

ஒன்று, வரைபட மூலை. வீராணம், கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று வந்தியத்தேவன் போன வழியை இன்றைய வரைபடத்தில் குறிக்க வேண்டும். 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம்தான் கதையில் வரும் அந்த ஏரி என்று தெரியும்போது, பிள்ளைகளுக்குச் சோழ நாடு பக்கத்தில் வந்துவிடும்.

இரண்டு, ஓலை மூலை. ஆதித்த கரிகாலன் காஞ்சியிலிருந்து கொடுத்தனுப்பும் ஓலையைப் பிள்ளைகளே எழுதட்டும். குறைந்த சொற்களில் எழுத வேண்டும், வழியில் பிடிபட்டாலும் ரகசியம் வெளிப்படக்கூடாது. மொழிப்பாடமும் இதில் சேர்ந்துவிடுகிறது.

மூன்று, கல்வெட்டு மூலை. நான் வற்புறுத்துவது இதைத்தான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்டால் படம் பார்த்த பிள்ளைகள் பலர் நந்தினியைச் சொல்லக்கூடும். நந்தினி கல்கியின் கற்பனை. ஆனால் காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில், கதை தொடங்கும் அதே ஏரிக்குப் பக்கத்தில், கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினர்களின் சொத்து பற்றியும் பேசுகிறது. நாவலில் இரவிதாசன் ஒரு மந்திரவாதி. கல்வெட்டிலோ அவனுக்குப் 'பிரமாதிராசன்' என்று முடியும் பட்டம் இருக்கிறது. அரசு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம் அது! இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஒத்துப்போகிறது, எது மாறுகிறது என்று பிள்ளைகள் அட்டவணை போட வேண்டும்.

நான்கு, வழக்கு மூலை. ஏன் கொன்றார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். திருவாலங்காட்டுச் செப்பேடோ, அருண்மொழி தானே அரியணையைச் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறது. இந்தச் செய்திகளை ஆளுக்கொரு அட்டையில் கொடுத்து, "உனக்கு எது சரியாகப் படுகிறது? ஆதாரம் என்ன?" என்று கேட்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் யாரும் பேசக்கூடாது என்பது ஒன்றே விதி.

"நாற்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியர், நாற்பது நிமிடம். இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பத்துப் பேர் கொண்ட நான்கு குழு, ஒரு நாளைக்கு ஒரு மூலை. நான்கு நாளில் எல்லோரும் எல்லா மூலைக்கும் போய்விடலாம், ஐந்தாம் நாள் எல்லோரும் சேர்ந்து விவாதிக்கலாம். செலவு என்று பார்த்தால் சில அட்டைகள், ஒரு வரைபடம், கல்வெட்டு வாசகத்தின் ஒரு நகல், அவ்வளவுதான். பாடத்தை முடிக்க வேண்டுமே என்ற அவசரம் உண்மைதான். ஆனால் ஆண்டுகளையும் பட்டப்பெயர்களையும் மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறப்பதைவிட, ஒரே ஒரு நிகழ்வை ஆராய்ந்து பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

கல்கியைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. சோழர்கள்மேல் நம்மில் எத்தனை பேருக்கு ஆசை வந்ததே அவரால்தான்! ஆனால் இன்று பழம்பெருமை என்ற பெயரில் கைபேசிக்கு வரும் செய்திகளை நினைத்துப் பாருங்கள். எது கதை, எது சான்று என்று பிரிக்கத் தெரியாதவர்கள்தான் அவற்றை அப்படியே அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பழக்கத்தை பன்னிரண்டு வயதில் பள்ளியில் கற்றுக்கொடுக்காவிட்டால் பிறகு யார் கற்றுக்கொடுப்பது?

கிரீடம் செய்ய வேண்டுமா? தாராளமாகச் செய்யட்டும். கல்வெட்டு மூலைக்குப் போய்விட்டு வந்த பிறகு.