கிராஃபிங் கால்குலேட்டர் அவசியமா?

கீழப்பழுவூரில் எங்கள் தெருவில் சிமெண்ட் லாரி ஓட்டும் ஒருவர் இருக்கிறார். மகளுக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்ததும் கடன் வாங்கி லேப்டாப் எடுத்துக் கொடுத்தார். போன வாரம் என்னிடம் வந்தார்.

"தம்பி, அமெரிக்காவுல இருக்கற மச்சான் சொல்றாரு, கிராஃபிங் கால்குலேட்டர் இல்லாம காலேஜ் கணக்கு போட முடியாதாம். பத்தாயிரத்துக்கு மேல ஆகும்போல. வீட்டுல தோட்டை அடகு வச்சிடலாமான்னு பாக்குறேன்."

"வேண்டாம்ணே" என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கிராஃபிங் கால்குலேட்டர் என்பது சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வரைபடத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. கேசியோ நிறுவனம் 1985-ல் முதன்முதலாக இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்க மாணவர்களிடம் பிரபலமான டிஐ-84 பிளஸ் 2004-ல் வந்தது. அதற்குள் இருந்தது 15 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்-80 வகை பிராசஸர். உங்கள் செல்போன் அதைவிடப் பல மடங்கு வேகமானது. பிறகு ஏன் அங்கே அதை வாங்குகிறார்கள்? செல்போனை அனுமதிக்காத தேர்வு அறையில் இதை அனுமதிக்கிறார்கள். அவ்வளவுதான்!

நம் ஊர் நிலைமை வேறு. பிளஸ் டூ கணிதப் பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, லாகரிதம் டேபிள்தான். ஜேஇஇ மெயின், நீட் தேர்வுகளிலும் கிடையாது. கேட் தேர்வில் கம்ப்யூட்டர் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தருகிறார்கள். சொந்தக் கால்குலேட்டரைக் கொண்டு போக முடியாது. கல்லூரி செமஸ்டர் தேர்வுகளில் பொதுவாக புரோகிராம் செய்ய முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டரைத்தான் அனுமதிக்கிறார்கள். கிராஃபிங் வகையிலோ புரோகிராம் எழுதலாம், குறிப்புகளையும் சேமித்து வைக்கலாம். தோட்டை அடகு வைத்து வாங்கியது தேர்வு அறை வாசலிலேயே நின்றுவிடும்.

என் யோசனை இதுதான். கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் போன்ற ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்குங்கள். மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகள், மேட்ரிக்ஸ், தொகையிடல் எல்லாம் அதிலேயே போடலாம். வாங்கும் முன் எந்த மாடலுக்கு அனுமதி என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மாடலை மாற்றாதீர்கள். பட்டன்கள் விரலுக்குப் பழகினால்தான் தேர்வில் நேரம் மிச்சமாகும்.

வரைபடத்துக்கு லேப்டாப் இருக்கிறதே! ஜியோஜீப்ரா என்ற சாஃப்ட்வேரை மாணவர்கள் இலவசமாக டவுன்லோடு செய்யலாம். இன்ஸ்டால் செய்துவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். ஒரு சைன் சமன்பாட்டை டைப் செய்து ஸ்லைடரை நகர்த்தினாள். அலை உயர்ந்து தாழ்ந்தது. "இதைத்தான் வீச்சுன்னு மனப்பாடம் பண்ணினேனா அண்ணா?" என்றாள். அந்தக் கேள்விக்காகவே லேப்டாப் வாங்கலாம்.

அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்கள்கூட அவசரப்பட வேண்டாம். இப்போது கம்ப்யூட்டரில் எழுதும் சாட் தேர்வில் டெஸ்மாஸ் கிராஃபிங் கால்குலேட்டர் திரையிலேயே கிடைக்கிறது. சேர்ந்த பிறகு பேராசிரியர் கேட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

எந்தக் கருவியானாலும் "என்னென்ன செய்யும்?" என்று கேட்கும் முன் "என் தேர்வு அறைக்குள் விடுவார்களா?" என்று கேளுங்கள். எங்கள் தெரு அண்ணி அந்தத் தோட்டைக் காதிலேயே போட்டிருக்கிறார்.