சுங்கானுக்கு ஒரு கௌரவம், சுருட்டுக்கு ஒரு முற்றம்

முதன்முதலாக ஒரு ‘பிரையர் பைப்’ வாங்க விரும்புகிறேன், எதைப் பார்த்துத் தெரிவு செய்வது என்று கேட்டு ரொறன்ரோவிலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டனார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவராம். வாயில் பைப்புடன் அவர் நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். அதே போன்ற ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, டச்சு விரிகுடாக் கடற்கரையில் இருந்து புகைக்க வேண்டும் என்பது ஆசை. கடிதத்தின் இறுதியில் ஒரு வரி: “சிகரெட் போல அல்லவே, புகையை உள்ளே இழுப்பதில்லை, ஆகையால் ஆபத்தும் இல்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.”

இந்தப் பொருளுக்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று உண்டு: சுங்கான். நம் பெரியவர்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கிய சொல். நான் சில ஆண்டுகள் சுங்கான் பிடித்துப் பின்னர் விட்டவன். அந்தக் கதை இங்கு வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மரத்திலிருந்து தொடங்குவோம். பிரையர் என்பது எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்ச்செடியின் அடிக்கட்டை. மத்தியதரைக் கடலைச் சுற்றிய வறண்ட குன்றுகளில், கோர்சிக்காவிலும் கலாப்ரியாவிலும் அல்ஜீரியாவிலும் வளர்வது. வேருக்கும் தண்டுக்கும் இடையே பல பத்தாண்டுகளாகத் திரண்டு உருளும் முண்டைத் தோண்டியெடுத்து, துண்டுகளாக அறுத்து, சாறு போகும்வரை பல மணி நேரம் கொதிக்க வைத்து, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். நெருப்பை உள்ளே வைத்தாலும் எளிதில் கருகாத மரம் அது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள செங் குளோட் என்னும் ஊர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைத் தொழிலாக்கியது. அதற்கு முன்னர் ஐரோப்பியன் பிடித்தது பெரும்பாலும் களிமண் சுங்கான். திருகோணமலைக்கு வந்த ஒல்லாந்தரின் நாட்டில் கௌடா என்ற நகரமே அதற்குப் பெயர்பெற்றிருந்தது.

இனித் தெரிவு. விலைச்சீட்டைப் பார்க்குமுன் துளையைப் பார்க்க வேண்டும். கிண்ணத்தின் அடியில், சரியாக நடுவில், தரையை ஒட்டிப் புகைத்துளை வந்து சேர்கிறதா? மேலே ஏறியிருந்தால் அடியில் எரியாத புகையிலை ஈரமாகத் தேங்கும். வாய்க்குழலைக் கழற்றாமலே துப்புரவுக் குச்சி ஒன்றைச் செலுத்தினால் அது தடையின்றிக் கிண்ணம் வரை போய்ச் சேர வேண்டும். தண்டும் வாய்க்குழலும் சேருமிடத்தில் வெளிச்சம் தெரியக் கூடாது. கிண்ணத்தின் சுவர் மெலிதாக இருந்தால் கை சுடும். பளபளவென்று தடித்த வார்னிஷ் பூசியதைத் தள்ளிவிட வேண்டும். சூட்டில் அது கொப்புளிக்கும். மரத்திலுள்ள சிறு பள்ளங்களை அடைத்திருப்பார்கள். அழகுக்குக் குறையே தவிரப் புகைக்குக் குறையில்லை. நேரான சுங்கானைத் துப்புரவு செய்வது எளிது, வளைந்தது பல்லுக்குச் சுமை குறைவு. வாய்க்குழல் வல்கனைற்றாக இருந்தால் பல்லுக்கு மென்மை, ஆனால் வெயில் பட்டால் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். அக்ரிலிக் நிறம் மாறாது, பல்லுக்குக் கடினம். கிண்ணத்தின் உள்விட்டம் 19 அல்லது 20 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் புதியவருக்குப் போதும்.

இவ்வளவுதான். இதற்கு மேல் உள்ளதெல்லாம் வியாபாரம். இலண்டன் டியூக் வீதியில் 1907இல் அல்பிரட் டன்ஹில் கடை திறந்தார். அவருடைய சுங்கானின் வாய்க்குழலில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிக்காக மனிதர்கள் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கிறார்கள். துளை சரியாகத் துளைக்கப்பட்ட பெயரில்லாத மரமும் அதே புகையைத்தான் தரும். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் 1869 முதல் சோளப்பொத்தியின் தண்டில் சுங்கான் செய்கிறார்கள். சில டொலர்களே விலை, பழக்கப்படுத்தவும் வேண்டியதில்லை. முதற் சுங்கான் பிரையராகத்தான் இருக்க வேண்டும் என்று புதியவரிடம் அடித்துச் சொல்பவர்களில் எத்தனை பேர் அதை விற்பவர்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால், தம்பி கேட்டது உண்மையில் மரத்தைப் பற்றி அல்ல. அந்தப் புகைப்படத்தைப் பற்றி.

திருகோணமலையின் உட்துறைமுகம் உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பதை நாம் பாடப்புத்தகத்தில் படித்தோம். பிரித்தானியக் கடற்படை அதை 1957 வரை விடாமல் பிடித்து வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய நகரம் இது. நிலாவெளி வீதியில் இன்றும் இருக்கும் யுத்த மயானத்தில் அந்தக் காலத்தவர்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அந்தக் கடற்படையின் மாலுமிக்குப் புகையிலை என்பது உணவைப் போல ஒரு பங்கீடு. இலையாக வாங்கி, ரம் தெளித்து, கித்தான் துணியில் இறுகச் சுற்றிக் கயிற்றால் வரிந்து வைத்து, பின்னர் கத்தியால் சீவிச் சீவிச் சுங்கானில் அடைத்தான். ‘நேவி கட்’ என்ற பெயர் அந்தச் சீவலிலிருந்து வந்ததுதான். மாலுமிக்கு அது களைப்பாற்றும் பழக்கம். அதிகாரிக்கோ அது ஒரு தோரணை. அந்தத் தோரணைதான் தளத்தின் கந்தோர்களுக்குள் நடந்து, அங்கு வேலை செய்த நம்மவர் வாய்க்கும் வந்தது.

இதில் எனக்குக் கோபம் உண்டு. ஏனென்றால் அதே காலத்தில் அதே இலையை நம் மக்கள் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில், கிணற்று நீர் இறைத்து, கொழுந்து கிள்ளி, போறணையில் புகையூட்டி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். திருவிதாங்கூர் வரை கப்பலேறிய புகையிலை அது. தென்னிலங்கைப் பட்டினங்களில் நம்மவரின் சுருட்டுக் கடை இல்லாத கடைவீதி அரிது. கோடாக்குச் சுற்றி விரல் கறுத்த தொழிலாளி, கண்டு நட்டு முதுகு வளைந்த கமக்காரன் என்று ஒரு சமூகமே அந்த இலையில் சோறு தின்றது. அந்தச் சுருட்டைப் பிடித்த கிழவரை நாம் என்ன செய்தோம்? “மணக்கிறது, வெளியே போங்கோ” என்று முற்றத்து வேம்படிக்கு அனுப்பினோம். சுங்கான் பிடித்த கந்தோர்க்காரரை விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருத்திக் கோப்பி கொடுத்தோம். இலை ஒன்று, நெருப்பு ஒன்று, நாற்றமும் ஒன்றுதான். நடுவே இருந்தது ஒரு துண்டு பிரெஞ்சு மரம்.

தமிழ்ச் சினிமாவும் தன் பங்கைச் செய்தது. மாடிப்படியில் பட்டு அங்கியுடன் இறங்கி வரும் பணக்கார அப்பாவுக்குச் சுங்கான், குப்பத்துக் கிழவனுக்குச் சுருட்டு. வெள்ளைக்காரனும் இந்த வேடத்தில் சளைத்தவன் அல்லன். பிரித்தானியப் பிரதமர் ஹரல்ட் வில்சன் மேடையிலும் தொலைக்காட்சியிலும் சாமானியரின் நண்பனாகச் சுங்கானைக் கையில் வைத்திருந்தார். கதவு மூடியபின் அவர் விரும்பியது சுருட்டையே என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கே சுருட்டு முதலாளியின் சின்னம், இங்கே ஏழையின் சின்னம். பொருளில் என்ன இருக்கிறது!

பாட்டனாரைப் பற்றி அறிய வேண்டுமென்றால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தளத்தில் அவருக்கு என்ன சம்பளம்? வெள்ளைக்கார எழுதுவினைஞனுக்கு என்ன சம்பளம்? 1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டு ஆங்கிலேயர் கப்பலேறியபோது, அதை நம்பியிருந்த பல குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. அவருடைய வீட்டில் அன்று என்ன நடந்தது? அடுத்த ஆண்டு, 1958இல், கலவரம். இதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் ஒரு சிலராவது மட்டிக்களியிலும் உவர்மலையிலும் உயிரோடு இருக்கக்கூடும். ஊருக்கு வருகிறவர் அவர்களைத் தேடிப் போகலாம்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ‘எல்லோரும் எழுதுகிறார்கள்’ என்கிறாரே, என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்போம். சுங்கான் அன்பர்களின் வேதவாக்கு 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை. சுங்கான் மட்டும் பிடிப்பவர்களின் இறப்பு விகிதம் புகைக்காதவர்களுடையதை விடச் சிறிதே கூடுதல், அல்லது கூடுதலே இல்லை என்று அதில் இருப்பது மெய். ஆனால் அதே அறிக்கை, சுங்கான் உதட்டுப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்றும் தெளிவாக முடிவு சொல்லியது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. அதுவும் புதிய செய்தியன்று. ஜெர்மானிய மருத்துவர் சோமெரிங் 1795இலேயே சுங்கான் பிடிப்பவர்களின் உதட்டுப் புற்றைக் குறித்து வைத்திருந்தார்.

1964க்குப் பிறகும் உலகம் நிற்கவில்லை. 1982இல் தொடங்கி 18 ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2004இல் வெளிவந்தது. 138,307 ஆண்கள். சுங்கானைத் தவிர வேறு எதையும் தொடாதவர்களை, எதையுமே தொடாதவர்களுடன் ஒப்பிட்டார்கள். நுரையீரற் புற்றால் இறக்கும் ஆபத்து, சுங்கானை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சுமார் 5 மடங்கு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கணையம், இதயம் என்று பட்டியல் நீள்கிறது. சிகரெட்டை விடக் குறைவான ஆபத்து என்பதும் அதில் உண்டு. அதை மறைக்க மாட்டேன். நாலாம் மாடியிலிருந்து விழுவது பத்தாம் மாடியிலிருந்து விழுவதை விடக் குறைவான ஆபத்துத்தான்.

உள்ளே இழுப்பதில்லை என்ற வாதம் இன்னும் வேடிக்கையானது. சிகரெட்டின் புகை அமிலத்தன்மை உடையது. நிக்கொட்டின் இரத்தத்தில் சேர அது நுரையீரலுக்குப் போக வேண்டும். சுருட்டு, சுங்கான் புகையிலைகள் பலவற்றின் புகை காரத்தன்மை உடையது. வாயில் வைத்திருந்தாலே கன்னத்தின் உட்தோல் நிக்கொட்டினை உறிஞ்சிவிடும். உள்ளே இழுக்காமலே சுங்கான்காரர் திருப்தியோடு கண்மூடிச் சாய்ந்திருப்பதன் இரகசியம் தத்துவ சிந்தனை அல்ல, இந்தக் காரம். நாவில் குத்தும் எரிச்சலும் அவருக்குத் தெரியும். அதற்கு ‘நாக்குக் கடி’ என்று செல்லப்பெயர் வைத்து, மெதுவாக இழு, மெதுவாக இழு என்று ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்வார்கள்.

இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அதற்குப் பெருங்காரணம் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலை. வெற்றிலைத் தட்டத்தோடு வாழ்ந்து, இறுதியில் கஞ்சி கூட விழுங்க முடியாமல் போனவர்களை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். அதே இலையை அதே வாயில், மரக்கிண்ணம் ஒன்றின் வழியாக அனுப்பினால் கனவான் ஆகிவிடலாம் என்று எழுதுகிறவனுக்கு நான் என்ன மரியாதை கொடுக்க முடியும்? வழிகாட்டி எழுதுகிறவர்கள் மரத்தின் வரியோட்டத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்குகிறார்கள், வாய்க்கு ஒரு வரி. அந்த ஒரு வரியும் பொய்.

ஊருக்கு வருகிறவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்க முடியாது, விளம்பரம் இல்லை, மூடிய பொது இடங்களில் புகைக்க முடியாது. சிகரெட் பெட்டியின் 80 வீதத்தை 2015 முதல் நோயின் படம் மூடியிருக்கிறது. கடற்கரை திறந்தவெளிதான். ஆனால் மாலையில் டச்சு விரிகுடாவுக்குக் குழந்தைகளோடு குடும்பங்கள் வருகின்றன. காற்று கடலிலிருந்து கரைக்குத்தான் வீசும். வாடைக் காலத்தில் வந்தால் புகையிலை ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும், சுங்கானும் உலராது.

வாங்க வேண்டாம் என்பது என் பதில். பாட்டனாரின் நினைவாகக் கையில் ஒரு பொருள் வேண்டுமென்றால் பழைய சுங்கான் ஒன்றை வாங்கி, கழுவி, மெழுகிட்டு, அந்தப் படத்தின் கீழே வைக்கலாம். அதற்குத் துளை எங்கே இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை. இல்லை, பற்றவைத்தே தீருவேன் என்றால், வயது வந்தவரை நான் தடுக்க முடியாது. சோளப்பொத்தியில் தொடங்குங்கள், ஒரு முறை பிடித்ததை மறுநாள் வரை உலரவிடுங்கள். சூடு ஆறும்வரை வாய்க்குழலைக் கழற்ற வேண்டாம், தண்டு வெடித்துவிடும்.