அந்த வானியலாளரின் உடுப்பு

"அங்க பொம்புளப் புள்ளயள்ட பர்தாவயே கழட்டச் சொல்றாங்களாம். அவங்கட புத்தகத்தயா மகள் இப்படி விழுந்து விழுந்து வாசிக்கிறீங்க?"

உம்மா இப்படிக் கேட்டபோது என் கையிலிருந்தது 'குட்டி இளவரசன்'. அந்துவான் து செந்த்-எக்சுபெரி 1943இல் வெளியிட்ட சிறு நூல். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குத் தந்தது. கம்பளையில் விடாமல் மழை பெய்த ஒரு விடுமுறை நாளில் அதைத் திறந்தேன். மஃரிபுக்கு முன்பே முடித்துவிட்டேன். பிரெஞ்சு இலக்கியத்தின் மீது எனக்குள்ள பிரியம் அன்று தொடங்கியது. பிறகு அல்பேர் காம்யுவின் 'அந்நியன்', விக்டர் ஹியூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய 'ஏழை படும் பாடு' என்று தேடித் தேடி வாசித்தேன். பசிக்காக ரொட்டி திருடியவன், தப்பியோட முயன்றதற்கும் சேர்த்து 19 ஆண்டுகளைச் சிறையில் இழக்கும் கதை எந்த ஊர் ஏழைக்கும் பொருந்தும்.

உம்மாவின் கேள்வி நியாயமானது. மத அடையாளத்தை வெளிப்படையாகக் காட்டும் உடைகளை 2004ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்ஸின் அரச பாடசாலைகளில் தடைசெய்தது. 2023இல் அபாயாவுக்கும் தடை வந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பேசும் நாட்டில், என் வயதுப் பிள்ளை பாடசாலை வாசலில் பர்தாவைக் கழற்ற வேண்டியிருக்கிறது. இதைக் காணாததுபோல் இருந்துகொண்டு பிரான்ஸை நேசிப்பதாகச் சொன்னால், அது வெறும் மயக்கம்.

ஆனால் உம்மாவுக்கான பதில் அதே புத்தகத்தில்தான் இருந்தது. குட்டி இளவரசனின் சிறு கோளை 1909இல் ஒரு துருக்கி வானியலாளர் கண்டுபிடிக்கிறார். சர்வதேச மாநாடொன்றில் அதை நிரூபித்தும் காட்டுகிறார். அவர் துருக்கி உடையில் வந்ததால் ஒருவரும் நம்பவில்லை. 1920இல் ஐரோப்பிய உடுப்பில் வந்து அதையே சொல்கிறார். எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பெரியவர்களின் இந்த மடமையைப் பார்த்துச் சிரிப்பவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அதுவும் அந்தச் சட்டம் வருவதற்கு 61 ஆண்டுகளுக்கு முன்பே. அந்தப் பக்கத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப அவங்களுக்குள்ளயும் இதச் சொன்ன ஆள் இருந்திருக்கார்" என்றார் உம்மா.

என் வாதமும் அதுவே. ஒரு நாட்டின் சட்டத்தை நாடாளுமன்றம் எழுதுகிறது. அதைக் கேள்வி கேட்கும் வாக்கியத்தை எழுத்தாளர் எழுதி வைக்கிறார். முதலாவதைச் செய்தியில் அறிந்துகொள்ளலாம். இரண்டாவதை அறியப் புத்தகத்தைத் திறக்கத்தான் வேண்டும்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வாழ்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் அந்த மூன்று சொற்களையே தமது 'இந்தியா' பத்திரிகையின் முழக்கமாகக் கொண்டார். அவற்றைத் தந்தவர்களே புதுச்சேரியைக் குடியேற்ற நாடாக ஆள்வதையும் அவர் கண்ணெதிரே கண்டார். சொற்களை எடுத்துக்கொண்டார், அடிமைத்தனத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

நமது கண்டியிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதிய அறிஞர் சித்திலெப்பை, எகிப்தில் பிறந்த ஒருவனின் கதையைத் தமிழில் சொன்னார். தூர தேசங்களை எழுதியதால் அவர் தம் சமூகத்தைவிட்டு விலகிவிடவில்லை. முஸ்லிம் பெண் பிள்ளைகளின் கல்விக்காக முன்னின்று உழைத்தவரும் அவரே.

பெற்றோரே, பிள்ளையின் கையில் வேற்றுநாட்டுப் புத்தகத்தைக் கண்டால் பறித்து வைக்காதீர்கள். என் உம்மாவைப் போலக் கேள்வி கேளுங்கள். தோழியரே, அந்தக் கேள்வியை உதறிவிடாமல் பதில் தேடி வாசியுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்றே ஒப்புக்கொள்ளுங்கள்.

உயர்தரத்தில் பிரெஞ்சும் ஒரு பாடம். அதைப் படிக்க ஆசைப்படுகிறேன். இன்ஷா அல்லாஹ், ஒருநாள் பாரிஸ் வீதியில் நடந்தால் என் பர்தாவோடுதான் நடப்பேன். யாராவது என் உடுப்பைப் பார்த்து முகம் சுளித்தால், அந்தத் துருக்கிக்காரரின் பக்கத்தைத் திறந்து வாசித்துக் காட்டுவேன், அவர்களுடைய மொழியிலேயே.