சேறும் சோலையும்

நடந்து பழக்கமில்லாத குடும்பங்களுக்காக எழுதப்படும் இந்தப் பகுதியில், மலை ஏறும்படி நாம் இதுவரை யாரையும் வற்புறுத்தியதில்லை. இந்த வாரம் சொல்லப்போகும் இடத்திலோ, ஏற வேண்டுமென்று ஆசைப்பட்டாலும் ஏறுவதற்கு ஒன்றுமே கிடையாது. கோடிக்கரைக் காட்டில் எல்லாவற்றிலும் உயர்ந்த ஸ்தலம் இராமர் பாதம் என்னும் மணல் மேடு. பக்கத்தில் ஒரு மாடி வீடு இருந்தால், அந்த வீடு இந்தச் சிகரத்தைக் குனிந்துதான் பார்க்கும். ஆகையால் முழங்கால் வலிக்காரர்களும் பாட்டிமார்களும் தாராளமாக வரலாம்.

தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்குக் கரை வடக்கிலிருந்து தெற்கே இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் ஏதோ மறந்துவிட்டவர் போல் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த மூலைதான் கோடிக்கரை. ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் பாக் ஜலசந்தி. மூலைக்குப் பின்னால் மேற்கே முத்துப்பேட்டை வரையில் பரந்து கிடப்பது பெரிய சதுப்பு. காவிரியின் கடைசிக் கிளைகள் சில அங்கேதான் வந்து உப்பு நீரோடு கலக்கின்றன. படத்தில் இந்த இடத்தில் சிறு சிறு நீலக் கோடுகள் இட்டிருக்கும். "சதுப்பு நிலம், சாகுபடிக்கு உதவாது" என்று இருபது வருஷமாக நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். சொல்லிக்கொடுத்ததை நேரில் போய்ப் பார்க்கும் வழக்கம் உபாத்தியாயர்களுக்கு அவ்வளவாகக் கிடையாது. சென்ற தை மாதத்தில்தான் இல்லாளும் பத்து வயதுப் பெண்ணும் உடன் வர, நாம் அந்த வழக்கத்தை மீறினோம்.

வேதாரண்யத்திலிருந்து சாலை அகஸ்தியம்பள்ளி வழியாகப் போகிறது. இரு புறமும் உப்பளங்கள். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் திருச்சியிலிருந்து நடந்தே வந்த தொண்டர்களுடன் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதியான பூமி இது. நினைவுத் தூண் நிற்கிறது. அவர்கள் சித்திரை வெயிலில் நூற்றைம்பது மைல் நடந்தார்கள் என்று சொன்னதும், நாலு மைல் நடப்பதற்காகக் காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த நம் குழந்தை வாயை மூடிக்கொண்டாள்.

கோடிக்கரை 1967 முதல் சரணாலயம். வனத்துறையாரின் அனுமதி பெற்றுத்தான் உள்ளே போக வேண்டும். விடியற்காலையில் சேறு, வெயில் ஏறியதும் சோலை என்று வைத்துக்கொள்வது உத்தமம். மாற்றிச் செய்தால் நிழலில்லாத வெளியில் நடுப்பகலில் வாட நேரிடும். குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போகவேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே என்று நம்பிப் போகக் கூடாது.

சதுப்பின் கரையில் முதலில் கண்ணில் படுவது உமரிச் செடி. இலை என்று சொல்ல முடியாதபடி சதைப்பற்றாக, பச்சையும் சிவப்புமாகத் தரையோடு படர்ந்திருக்கிறது. அதற்கு அப்பால் கால்வாய் ஓரங்களில் அலையாத்தி மரங்கள். அவற்றின் அடியில் சேற்றிலிருந்து பென்சில் முனைகளைப் போல் ஆயிரக்கணக்கான வேர்கள் மேல் நோக்கிக் கிளம்பி நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால், மரம் மூச்சு விடுவதற்காக வெளியே அனுப்பிய வேர்கள் இவை. இலையைத் திருப்பி நாக்கால் தொட்டுப் பார்க்கும்படி குழந்தையிடம் சொன்னோம். "ஊறுகாய்!" என்று முகத்தைச் சுளித்தாள். வேர் உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியேற்றிவிடுகிறது. ஆனால் எல்லா மரத்தையும் இப்படிச் சோதிக்க வேண்டாம். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து.

தூரத்தில் வெண்மையாக ஒரு கோடு தெரிந்தது. உப்புக் குவியல் என்று நினைத்தோம். அந்த உப்பு திடீரென்று இறக்கையை விரித்தது; விரித்த இடமெல்லாம் ரோஜா வர்ணம். பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் நீரை இறைத்துச் சல்லடை போல் சலித்துத் தின்கின்றன. அந்தத் தீனியிலிருந்தே அவற்றுக்கு அந்த நிறம் வருகிறது. அருகே காலடியில் ஓடித் திரிந்த கொசு உள்ளான்களை யாரும் கவனிப்பதில்லை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இந்தப் பக்ஷி, கண்டத்தின் வடகோடியில் பனிப் பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் காலத்தைக் கழிக்க இந்தக் கோடிக்கு வருகிறது. நாமோ, பஸ் அரை மணி தாமதமானதற்கே மனசுக்குள் ஒரு புகார்க் கடிதம் எழுதி முடித்திருந்தோம்.

கரைமேல் உப்பள வேலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இந்த வருஷம் எப்படி?" என்று கேட்டோம். "மழை பெய்ஞ்சா எங்களுக்கு வேலை இல்லைங்க ஐயா. பெய்யாட்டி அவங்களுக்கு வலையில் ஒண்ணும் இல்லை" என்று வலை வீசுகிறவர்களைச் சுட்டிக் காட்டினார்.

இந்தப் பேச்சு நம்மைச் சுருக்கென்று தைத்தது. அதன் காரணத்தை நேயர்களிடம் ஒளிப்பானேன்? சில வருஷங்களுக்கு முன் நமது வகுப்பில், "கடலில் வீணாகும் காவிரி நீர்" என்று ஒரு வியாசம் எழுதச் சொன்னோம். "ஒரு சொட்டுக் கூடக் கடலில் விழலாகாது" என்று முழங்கிய பையனுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் கொடுத்தோம். இறால் கடலில் முட்டையிடுகிறது; ஆனால் அதன் குஞ்சுகள் வளர்வது ஆற்று நீர் கலந்த இப்படிப்பட்ட கழிகளில். நல்ல தண்ணீர் வராவிட்டால் சதுப்பின் உப்பு கரித்துக்கொண்டே போகும். அலையாத்தியும் ஓரளவு உப்பைத்தான் தாங்கும். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. மேலேயும் பல அணைகள் எழுந்தன. கடைமடைக்கு வந்து சேருவது குறைந்தது. நமக்கும் கடைமடையில் கொஞ்சம் நிலம் உண்டு. ஆடி மாதத்தில் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் துயரம் நமக்கும் தெரியும். அந்த நிலத்துக்குத் தண்ணீர் வேண்டாமென்று நாம் எப்படிச் சொல்வோம்? ஆயினும் "வீண்" என்ற அந்த வார்த்தையைப் போட்டது தவறு. 1971-ல் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, உலகம் போற்றிக் காக்க வேண்டிய ஈர நிலங்களின் ஜாபிதாவில் 2002-ல் இந்த இடமும் சேர்ந்திருக்கிறது. நமது பாடக் குறிப்பில் மட்டும் அது இன்னும் "உதவாது" என்றே இருந்தது.

வெயில் ஏறியதும் காட்டுக்குள் திரும்பினோம். அடிமுடி தெரியாத அடவி என்று எண்ணிவிட வேண்டாம். குட்டையான, வருஷமெல்லாம் இலை உதிராத காடு. பாலை, நாவல், காசான் என்று நெருங்கி நிற்கின்றன. கால் புதைவது வெறும் மணல். அந்த மணலில் இவ்வளவு பசுமை எப்படி? மழை நீர் மணலுக்குள் இறங்கி, கனம் குறைந்ததாகையால் அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மரங்கள் அதைக் குடித்து வாழ்கின்றன. வெளிக்கு வந்தால் வெளிமான் கூட்டம். முறுக்கிய கொம்புடன் கருத்த ஆண் மான் ஒன்று எங்களை அலக்ஷியமாகப் பார்த்துவிட்டு மேயத் தொடங்கிற்று.

இங்கே கோயில் கொண்டிருக்கும் கோடிக்குழகரைப் பார்த்து, கடற்காற்று வீசும் காட்டில் இப்படித் தன்னந்தனியே இருக்கிறீரே என்று சுந்தரர் கவலைப்பட்டுப் பாடினார். 2018 நவம்பரில் கஜாப் புயல் அடித்து எத்தனையோ மரங்கள் சாய்ந்த பிறகு, அந்தக் கவலை காட்டையும் சேர்ந்துவிட்டது. விழுந்த மரங்கள் சில கிடந்தபடியே துளிர்த்திருக்கின்றன. ஆனால் இடம் காலியானால் போதும் என்று காத்திருப்பது சீமைக் கருவேல்.

மாலை பஸ்ஸில் செருப்பிலிருந்த மணலை உதறிக்கொண்டிருந்தோம். இல்லாள் உமரியைக் கீரையாக மசிக்கலாமா என்று பக்கத்திலிருந்த அம்மாளை விசாரித்துக்கொண்டிருந்தார். குழந்தை மட்டும் யோசனையாக இருந்தாள். "அப்பா, அந்தப் பையனுடைய தொண்ணூறு மார்க்கைக் குறைத்துவிடுவீர்களா?" என்று கேட்டாள்.

கொடுத்த மார்க்கைத் திரும்ப வாங்குவது எங்கள் பள்ளிக்கூடத்தில் வழக்கமில்லை என்றோம். "அப்படியானால் வியாசம் எழுதச் சொன்னவருக்கு எத்தனை மார்க்?" என்றாள். அதற்குள் வேதாரண்யம் வந்துவிட்டது.