கிறிஸ்மஸுக்கு முன் இரண்டு இரவு



மாரி பிறந்தால் நமது நிந்தவூர் வீடுகளில் பெண்களுக்கு வேலை இரட்டிப்பாகிவிடும். துவைத்த உடுப்புக் காயாது; அடுப்பு புகையும்; பிள்ளைகளுக்குத் தடிமன் விடாது. வயலில் போட்ட காசு பெப்ரவரி, மார்ச்சில்தான் வீடு திரும்பும். ஆகவே டிசெம்பர் என்றால் கை சுருங்கியிருக்கும் மாதம். அப்படிப்பட்ட மாதத்தில் கணவனும் மனைவியுமாக நுவரெலியாவுக்குப் போய் இரண்டு இரவு தங்கி வந்தோம் என்று சொன்னால், "இவளுக்கு என்ன வந்தது?" என்றுதான் கேட்பீர்கள். என் உம்மாவும் அதையேதான் கேட்டார்.

"இந்த மழைக்க எங்க மகள் போகப்போற? பேரப்புள்ள எடுக்கிற வயசில மாப்பிள்ள பொண்டாட்டியாச் சுத்தப் போனா சனம் என்ன செல்லும்?"

சனம் சொல்லத்தான் செய்தது. நம்மூரில் பயணம் என்றால் ஒரு வேன் நிறைய ஆட்கள், இரண்டு சோற்றுச் சட்டி, மூத்தம்மாவிலிருந்து கைக்குழந்தை வரை எல்லாரும். அது நல்ல வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கல்யாணமாகி 22 வருடம். அதில் 11 வருடம் அவர் கத்தாரில். திரும்பி வந்த பிறகும் வீட்டில் பிள்ளைகள், உம்மா, வாப்பா, வந்து போகும் சொந்தங்கள். இருவரும் தனியாக அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியது எப்போது என்று யோசித்தால் எனக்கு ஞாபகம் வரவில்லை. பேசுவதெல்லாம், "அரிசி முடிஞ்சி", "கரண்ட் பில் வந்திச்சி" என்பதுதான்.

காசு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடன் இல்லை, அடகும் இல்லை. நாங்கள் 12 பெண்கள் சேர்ந்து மாதம் 2,500 ரூபா சீட்டுக் கட்டினோம். 2023 டிசெம்பரில் என் முறை. கையில் 30,000 ரூபா. அந்தக் காசுக்குள் முழுப் பயணமும் முடிய வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை.

நாள் பார்த்ததில்தான் பாதி மிச்சம் கிடைத்தது. நுவரெலியாவில் ஏப்ரலில் வசந்த காலக் கூட்டம். அறை கிடைப்பதே பெரிய காரியம். அடுத்த நெருக்கடி கிறிஸ்மஸும் புதுவருடமும். அந்த நாட்களில் அறை வாடகை ஏறிவிடும். அதற்கு முந்திய வாரத்தில், அதுவும் வார நாட்களில், ஊர் ஆறுதலாக இருக்கும். நாங்கள் போனது 18ஆந் திகதி திங்கட்கிழமை, திரும்பியது புதன்கிழமை. இன்னொரு காரணமும் உண்டு. 26ஆந் திகதி நான் ஊரில் இருந்தாக வேண்டும். 2004இல் கடல் எடுத்துப்போன என் மாமியின் பேரில் அன்று யாஸீன் ஓதி ஏழைகளுக்குச் சோறு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். டிசெம்பர் கடைசி வாரம் இந்தக் கரையில் யாருக்கும் விடுமுறை வாரமாக இருக்க முடியாது.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். காரைதீவு, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வழியாக அம்பாறை. அங்கிருந்து கண்டி பஸ். மகாஓயா, பதியத்தலாவை தாண்டி மகியங்கனை வந்ததும் மலை தொடங்குகிறது. பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற பாதை அதுதான். தலை சுற்றும் சகோதரிகள் வயிறு நிறையச் சாப்பிடாமல், கையில் தேசிக்காய் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பகல் கண்டியில் கட்டுச்சோறு. பிரயாணத்தில் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழும் சலுகை மார்க்கத்தில் இருப்பதால் அவசரமில்லாமல் தொழுதுகொண்டோம். பிறகு கம்பளை, புசல்லாவை, றம்பொடை. றம்பொடை நீர்வீழ்ச்சியைப் பஸ்ஸில் இருந்தே பார்க்கலாம். அதற்குச் சல்லிக் காசும் இல்லை. மாலையில் நுவரெலியா.

காலையில் கடல்மட்டத்தில் நின்றவர்கள் மாலையில் 1,868 மீற்றர் உயரத்தில் நின்றோம். ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் 6 பாகை வெப்பம் குறையும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் அந்தப் பாடம் எனக்கு விளங்கியது. மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வந்தது! ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே படியும் ஊர் அது. நம்மூர்ப் பருத்தி உடுப்பும் ஒரு போர்வையும் அங்கு எந்த மூலைக்கு? ஆனால் புதுச் சுவெட்டர் வாங்கிப் போக வேண்டாம். அங்கு பேல் பஸார் என்று ஒரு கடைத் தொகுதி இருக்கிறது. தடித்த ஜக்கெட், கம்பளித் தொப்பி எல்லாம் பேரம் பேசி வாங்கலாம். வீட்டில் இருந்து காலுறையும் அபாயாவுக்குள் அணியத் தடித்த உடுப்பும் கொண்டு போனால் போதும்.

அறை எடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். சுடுதண்ணீர் உண்டா? சுபஹுக்கு வுழூ எடுக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். கம்பளி இரண்டு தருவார்களா? சாப்பாடு வாடகையோடு சேர்த்தா, வேறா? பக்கத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை எங்கே? இவற்றைக் கேட்ட பிறகுதான் விலை பேச வேண்டும். நகரத்தில் ஜும்ஆப் பள்ளி இருக்கிறது. பெண்களுக்கு இடம் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்; இல்லையென்றால் அறையிலேயே தொழுதுகொள்ளலாம்.

மறுநாள் முழுதும் நடைதான். செங்கல்லில் கட்டிய தபாற்கந்தோர் 1894ஆம் ஆண்டுக் கட்டடம். அங்கிருந்து உம்மாவுக்கு ஒரு தபாலட்டை போட்டோம். எங்களுக்குப் பின்னால் ஒரு வாரம் கழித்து ஊர் வந்து சேர்ந்தது. கிறகரி வாவி, ஆளுநர் கிறகரியின் காலத்தில் 1873இல் அமைக்கப்பட்டது. விக்டோரியா பூங்காவில் பூக்கள். பின்னேரம் வெலிமடைப் பஸ்ஸில் ஏறி ஹக்கலப் பூந்தோட்டத்தில் இறங்கினோம். காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா எடுக்கும் சின்கோனா மரத்தைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காக 1861இல் தொடங்கிய தோட்டம் அது. வழியெல்லாம் கரட், லீக்ஸ், கோவாப் பாத்திகள். நம்மூர்ச் சந்தையில் விலை கேட்டு முகம் சுளிக்கிறோமே, அந்தக் கரட்டைக் குளிர்த் தண்ணீரில் கழுவிக் கழுவி விறைத்துப்போன பெண்களின் கைகளை அங்கே பார்த்தேன். அதன் பிறகு பேரம் பேசும்போது எனக்கு நாக்குக் கொஞ்சம் கூசுகிறது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

அன்று அந்தியில் வாவிக் கரையில் சோளம் வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். கடைகளில் கிறிஸ்மஸ் நட்சத்திரங்கள் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"பாஸ்போட்டக் குடுத்திட்டன் புள்ள. திரும்பவும் கத்தாருக்கு. ஒனக்கிட்டச் செல்ல ஏலாம இருந்திச்சி."

எனக்குச் சோளம் தொண்டையில் நின்றது. இரண்டு மாதமாக மனதில் வைத்திருந்திருக்கிறார். இளைய மகளுக்கு வீடு கட்ட வேண்டும். பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம் என்ற நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூத்தவளுக்குக் கட்டிய வீட்டில் அவருடைய 11 வருடம் போய்விட்டது. இப்போது 49 வயதில், சீனி வருத்தத்தோடு, இன்னுமொரு ஐந்து வருடம் அந்த வெயிலில்.

"ஊட்டில செல்லியிருக்கலாமே மச்சான்?"

"ஊட்டில எங்க செல்ற? ஒன்ட உம்மா இருப்பா, புள்ளையள் இருக்கும். நீ அழுதா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

நான் அழுதேன். அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது, அழ முடிந்தது. பிறகு அறைக்கு வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு, செலவு எழுதிய கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தோம். புது வளவில் புது வீடு என்றால் எவ்வளவு, இருக்கும் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்தால் எவ்வளவு, அவர் போனால் மாதம் எவ்வளவு அனுப்பலாம், மருந்துக்கு எவ்வளவு போகும் என்று இரவு ஒரு மணி வரை எழுதினோம். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மேல் மாடிதான் என்று முடிவெடுத்தோம்; பாஸ்போட்டைத் திருப்பி எடுத்தோம். மாடி இன்னும் தூணளவில்தான் நிற்கிறது. பேசி வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், "தனி வளவு இல்லையா?" என்று கேட்டு விலகிப் போனார்கள். அன்று மனம் நொந்துதான் போனேன். என்றாலும் நொந்த இரவில் அவர் வீட்டில் இருந்தார்.

எங்கள் செலவுக் கொப்பியின் முன்பக்கம் இது. பஸ் 5,800, அறை இரண்டு இரவு 10,000, சாப்பாடும் தேநீரும் 5,700, நுழைவுச் சீட்டு, ஓட்டோ 3,200, பேல் பஸார் 2,300, வீட்டுக்குத் தேயிலையும் மரக்கறியும் 1,600. மொத்தம் 28,600 ரூபா. மிச்சம் 1,400. இவை 2023இன் விலைகள். இன்று நீங்கள் விசாரித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாரியில் பயணம் விளையாட்டல்ல. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளி வெள்ளத்தில் மத்ரஸாப் பிள்ளைகளை இழந்த துயரம் நம் நெஞ்சை விட்டு இன்னும் போகவில்லை. பாதையை மேவித் தண்ணீர் ஓடினால், பஸ் போனாலும் நீங்கள் போகாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் மலைநாடு மண்சரிவால் உயிர்களையும் பாதைகளையும் ரயில் பாதையையும் இழந்தது. எனவே புறப்படுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை வானொலியில் கவனியுங்கள். சந்தேகமாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். சீட்டுக் காசு பழுதாகிவிடாது.

நுவரெலியாவே போக வேண்டும் என்பதில்லை. காசு குறைவென்றால் கண்டியில் ஓர் இரவு போதும். அதுவும் முடியாதென்றால் பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு பகல் அம்பாறைக் குளக்கட்டில் போய் உட்காருங்கள். நம்மூரில் பெண்களுக்கு அல்லாஹ் தந்த வசதி, உம்மா வீடு வேலிக்கு அப்பால்தான் இருக்கிறது. வீண்விரயம் கூடாதுதான். கல்யாண வீட்டில் ஒரு நாள் மேடை அலங்காரத்துக்கு நாம் கொடுக்கும் காசில் இப்படி எத்தனை பயணம் போகலாம் என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிட்டு, எது விரயம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்தத் தபாலட்டை இன்னும் உம்மாவின் முஸ்ஹப் வைக்கும் அலுமாரியில் இருக்கிறது. "சனம் என்ன செல்லும்" என்று கேட்ட அதே உம்மா, போன மாதம் என் தங்கையிடம் சொன்னாராம்: "ஒன்ட மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ஒருக்காப் போய் வா மகள். புள்ளையள நான் பாத்துக்கிறன்."

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.