மூளையோடு நின்றுவிடும் ஸ்கேன்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற எம்.எஸ். நோய் சந்தேகிக்கப்பட்டால் முதலில் எடுப்பது மூளை எம்.ஆர்.ஐ. பல இடங்களில் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீரை அடக்க முடியாதது, கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருப்பது போன்ற தொல்லைகள் பெரும்பாலும் தண்டுவடத்திலிருந்து வருபவை.

நோய் எதிர்ப்பு மண்டலம் நரம்புகளைச் சுற்றியுள்ள மையலின் உறையைத் தாக்கும்போது உண்டாகும் திட்டுகள் எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாகத் தெரியும். மூளையில் தெரியும் எல்லா வெள்ளைத் திட்டும் எம்.எஸ். அல்ல. வயது, ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றாலும் அவை வரும். தண்டுவடத்தில் வயதின் காரணமாக இப்படித் திட்டுகள் விழுவது அரிது. எனவே அங்கே காணும் ஒரு திட்டுக்கு நோயறிதலில் தனி எடை உண்டு. எம்.எஸ். நோயறிதலுக்கென 2017-இல் திருத்தப்பட்ட மெக்டொனால்ட் அளவுகோல்கள், நோய் பரவியிருப்பதைக் காட்டும் நான்கு இடங்களில் ஒன்றாகத் தண்டுவடத்தை வைத்தன.

திட்டின் வடிவம் இன்னும் முக்கியம். எம்.எஸ். திட்டு பொதுவாக இரண்டு முள்ளெலும்புகளின் நீளத்துக்குள் அடங்கும். தண்டுவடத்தின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ ஒதுங்கியிருக்கும். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயில் திட்டு பெரும்பாலும் மூன்று முள்ளெலும்புகளுக்கு மேல் நீண்டு, நடுப்பகுதியை ஆக்கிரமிக்கும். மேற்கு நாடுகளைவிட ஆசியாவில் இந்நோயின் பங்கு அதிகம். இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட் போன்ற எம்.எஸ். மருந்துகள் இதைத் தீவிரமாக்கக்கூடும். தவறான பெயரிட்டு மருந்து தொடங்கினால் நோயாளி பார்வையையும் நடையையும் இழக்கலாம். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவுக்கான ரத்தப் பரிசோதனைக்கு வழிவகுத்த எதிர்ப்பொருளை மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2004-இல் கண்டறிந்தார்கள். அந்தப் பரிசோதனை தேவை என்று மருத்துவருக்குத் தோன்றவைப்பது பல நேரங்களில் தண்டுவடப் படம்தான். வைட்டமின் பி12 குறைபாடும் பின்புறத்தில் நீண்ட திட்டை உண்டாக்கும். அதற்கு மருந்து வெறும் ஊசி.

தண்டுவடத்தைப் படம்பிடிப்பது எளிதல்ல என்பது உண்மை. சுண்டுவிரல் பருமனே உள்ள அந்த உறுப்பைச் சுற்றி மூளைத் தண்டுவடத் திரவம் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அசைகிறது. மூச்சு விட்டாலும் எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கும். அதனால்தான் 2021-இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை, நீளவாக்கில் குறைந்தது இரண்டு வகைப் படங்களைக் கேட்கிறது. ஒன்றில் மங்கலாக இருப்பது மற்றொன்றில் துலங்கும்.

நம் ஊரில் கை கால் மரத்துப்போனால் முதலில் நினைவுக்கு வருவது கழுத்துத் தேய்மானம். ‘டிஸ்க் ஸ்கேன்’ எடுக்கிறார்கள். அதில் குறுக்குவெட்டுப் படங்களை டிஸ்க் இருக்கும் மட்டத்தில் மட்டும் எடுப்பது வழக்கம். எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு திட்டு அதில் அகப்படாமல் போகலாம். ‘டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது’ என்ற அறிக்கையோடு நோயாளி வீடு திரும்புகிறார். மையலின் பாதிப்பைச் சந்தேகிப்பதாக மருத்துவர் பரிந்துரைச் சீட்டில் ஒரு வரி எழுதினாலே ஸ்கேன் எடுக்கும் முறை மாறும். அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

செலவு அதிகமாகும் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால், மூளையையும் தண்டுவடத்தையும் ஒரே அமர்வில் எடுத்தால் கான்ட்ராஸ்ட் மருந்தை ஒருமுறை செலுத்தினால் போதும். ஆண்டுதோறும் தண்டுவட ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை; தொடர் கண்காணிப்புக்கு மூளைப் படமே பொதுவாகப் போதும். நோய்க்குப் பெயர் வைக்கும் அந்த முதல் கட்டத்தில், கழுத்திலிருந்து தண்டுவடம் முடியும் இடம்வரை முழுமையாகப் பார்க்க வேண்டும். திட்டு எங்கே, எத்தனை, எவ்வளவு நீளம் என்று அறிக்கை சொல்ல வேண்டும்.